ஆப்ட்-கெட் வந்த வழி

ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்தியா முழுக்கக் கொடியேறும். நெரவியில் மறுநாளும் கொண்டாட்டம்தான். காரைக்காலுக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டினால் வரும் இந்த ஊர் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்த வருடம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. ஆனால் காகிதம் கைமாற மேலும் எட்டு வருடம் ஆயிற்று. பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதனால்தான் அன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கு விடுமுறை.

அதே ஆகஸ்ட் 16-ஐ இன்னொரு கூட்டமும் ஊருக்கு ஊர் கேக் வெட்டிக் கொண்டாடுகிறது. 1993-இல் அந்தத் தேதியில்தான் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் என்ற 20 வயது மாணவர் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் முழுதும் சேர்த்து வைத்த பெயர். இன்று நெரவியில் ஒரு மாணவி உபுண்டு கணினியில் டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி' என்று அடித்தால் ஒரு நிமிடத்தில் படம் பார்க்கும் மென்பொருள் வந்து உட்கார்ந்துவிடும். 'இன்ஸ்டால்' இருந்த இடத்தில் 'ரிமூவ்' என்று அடித்தால் போய்விடும். இந்த வசதி அந்த மாணவர் தொடங்கிய இடத்திலிருந்து வந்தது. அவரிடம் அது வந்த வழியோ இன்னும் நீளம். அந்த வழியெங்கும் நிறுவுவதைவிட நீக்குவதுதான் ஆட்களைப் படுத்தி எடுத்திருக்கிறது.

முதல் சாயல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தெரிகிறது. 1949 மே மாதம் அங்கே எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை, உதாரணமாக வர்க்கமூலம் காண்பதை, ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவானேன் என்று மாரிஸ் வில்க்ஸும் டேவிட் வீலரும் யோசித்தார்கள். எழுதிச் சோதித்த துண்டு நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கினார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்து, தன் நாடாவில் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அலமாரியில் திரும்ப வைக்க வேண்டும். 1951-க்குள் 80-க்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்துவிட்டன. அங்கே நீக்குவது என்ற பேச்சே எழவில்லை. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் நாடா ஏறினால் முந்தையது நினைவகத்தில் இருக்காது.

அமெரிக்காவில் இந்த அலமாரி தபாலில் ஏறியது. 1955-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஐபிஎம் கணினி வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் விமானம் கட்டும் நிறுவனங்கள், ஷேர் என்ற சங்கம் தொடங்கினார்கள். சந்தையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தவர்கள், நிரல் எழுதிய அட்டைக் கட்டுகளை மட்டும் தயங்காமல் பரிமாறிக்கொண்டார்கள். காரணம் எளிது: அன்றைக்கு மென்பொருளுக்கு விலை கிடையாது, கணினி வாங்கினால் கூடவே வரும். 1969 ஜூன் மாதம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. பொதியாகக் கட்டி விற்கும் வணிகமும், அதைக் காசில்லாமல் பிரதி எடுக்கும் பழக்கமும் அதற்குப் பிறகு சேர்ந்தே வளர்ந்தன.

சென்னை ஐஐடிக்கு ஜெர்மன் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்தது 1973-இல். மாணவர்கள் அட்டையில் துளையிட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலம் அது. எந்த மென்பொருள் ஏறும், எது இறங்கும் என்பதெல்லாம் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே இருந்தவர்கள் கையில்.

அந்தச் சுவரை உடைத்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். அது பிறந்த பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடிஅண்ட்டி தொலைபேசியைத் தவிர வேறு வணிகம் செய்யக் கூடாது என்று 1956-இல் ஒரு நீதிமன்ற உடன்பாடு கட்டிப்போட்டிருந்தது. அதனால் யூனிக்ஸை மூலநிரலோடு, காந்த நாடாவில், பெயரளவுத் தொகைக்குப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பல கோப்புகளை ஒரே நாடாவில் வரிசையாகக் கட்டித் தர 1979-இல் டார் என்ற கருவி சேர்ந்தது. நாடாவின் வசதிக்காக அது 512 பைட் கட்டங்களாகத் தரவை அடுக்கியது. நாடாவைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை இன்று நிறுவும் ஒவ்வொரு டெபியன் பொதிக்குள்ளும் அந்த 512 பைட் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

1976-இல் அதே ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற கருவியை எழுதினார். திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமல் கிடக்க, இல்லாத பிழையைத் தேடிக் காலையை வீணாக்கிய ஒரு சக ஊழியரின் புலம்பல்தான் அதற்குத் தூண்டுதல். அதன் விதிக் கோப்பில் சில வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். எட்டு வெற்றிடம் விட்டால் ஏற்காது. இது சங்கடம் என்று ஃபெல்ட்மனுக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக அரை நூற்றாண்டாக உலகம் டேப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறது.

1980-களில் யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையில் ஓடும் நிரல் இன்னொன்றில் ஓடாது. லாரி வால் என்ற நிரலர், கணினியையும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரையும் கேள்வி மேல் கேள்வி கேட்டு நிரலைத் தகவமைக்கும் ஒரு ஸ்கிரிப்டைத் தன் மென்பொருளோடு சேர்த்து அனுப்பினார். 1991-இல் ஆட்டோகான்ஃப் வந்து அந்த வேலையைப் பொதுவாக்கியது. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு தலைமுறை உருவானது.

மூன்றாவது கட்டளையில்தான் வம்பு. நிரலை ஓர் அடைவில், அதன் நூலகங்களை இன்னொன்றில், கையேட்டை மூன்றாவதில், அமைப்புக் கோப்பை நாலாவதில் என்று அது இறைத்துவிட்டுப் போய்விடும். எதை எங்கே வைத்தோம் என்று எந்தக் கணக்கும் எழுதாது. நீக்க வேண்டுமென்றால், நிரலை எழுதியவர் மனது வைத்து அதற்கொரு கட்டளை சேர்த்திருக்க வேண்டும். பலர் சேர்க்கவில்லை. அழிக்கிறேன் என்று இறங்கி, வேறொரு நிரல் நம்பியிருந்த நூலகத்தையும் சேர்த்து அழித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இல்லாமல் இருந்தது ஒரு பேரேடு.

லினக்ஸ் வந்த புதிதில், 1992-இல், கனடாவின் பீட்டர் மெக்டொனால்ட் எஸ்எல்எஸ் என்ற வெளியீட்டைக் கொண்டுவந்தார். கட்டுக் கட்டாக ஃபிளாப்பியில் ஏறும். பிழைகள் மலிந்தது, ஆனாலும் வேறு போக்கு இல்லாததால் பலரும் அதைத்தான் நிறுவினார்கள். அந்த எரிச்சலில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பாட்ரிக் வோல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸைத் துடைத்துச் சரிசெய்து 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்று வெளியிட்டார். நிறுவல் ஸ்கிரிப்டுகள் என்னுடையவை என்று மெக்டொனால்ட் உரிமை கோர, வோல்கர்டிங் அவற்றை நீக்கிவிட்டு வேறு எழுதினார். ஸ்லாக்வேரை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர்கள் சூசே நிறுவனத்தார். ஒருவர் பிரதியை அடுத்தவர் பிரதியெடுத்த இந்த வரிசை சென்னை வரை நீள்கிறது. 2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை நடத்திய ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து மாற்றியபோது அவற்றில் ஏறியது சூசே லினக்ஸ்.

இரண்டாவது பிள்ளை மர்டாக்கின் டெபியன். அவர் 1994 தொடக்கத்தில், பொதிகளை நிறுவி நீக்கும் டிபிகேஜி என்ற சிறு ஷெல் ஸ்கிரிப்டை எழுதினார். கொஞ்ச நாளில் அது பெர்ல் மொழிக்கு மாறியது. அதே வருடம் இயன் ஜாக்சன் என்ற இன்னொரு இயன் சி மொழியில் அடியோடு திருப்பி எழுதினார். இன்றுவரை உழைப்பது அந்த அடித்தளம்தான். டெப் கோப்பு ஒன்றைப் பிரித்தால் உள்ளே மூன்று உருப்படிகள்: பதிப்பு எண் எழுதிய ஒரு சீட்டு, பொதியின் விவரம் அடங்கிய ஒரு டார், சரக்கு அடங்கிய இன்னொரு டார். விவரத்தில் இந்தப் பொதிக்கு வேறு எவை தேவை, எவற்றோடு ஒத்துப்போகாது என்று எழுதியிருக்கும். நிறுவும்போது எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று டிபிகேஜி தன் பட்டியலில் ஒரு வரி விடாமல் பதிந்துவைக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம்.

பேரேடு வந்ததும் நீக்கலும் நேர்த்தியானது. இங்கே டிபிகேஜி செய்த ஒரு நுணுக்கம் காரைக்கால்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 'ரிமூவ்' என்றால் நிரல் போகும். நீங்கள் கைவைத்துத் திருத்தியிருக்கக்கூடிய அமைப்புக் கோப்புகள் தங்கும். 'பர்ஜ்' என்றால் அவையும் போகும். முதலாவது 1954 நவம்பர், இரண்டாவது 1962 ஆகஸ்ட். இடையில் இருக்கும் பொதிகளைப் பட்டியல் போடச் சொன்னால், ஓரத்தில் ஆர்சி என்ற இரண்டெழுத்தோடு அவை வந்து நிற்கும். வருடக்கணக்காக ஓடும் கணினிகளில் இப்படி நூற்றுக்கணக்கில் கிடப்பதுண்டு. யாருக்கும் தொல்லை இல்லை, யாரும் கவனிப்பதும் இல்லை.

சிடி வணிகர்கள் இந்தக் கதைக்குள் நுழைந்தது ஒரு விபத்தோடு. 1995 டிசம்பரில் இன்ஃபோமேஜிக் என்ற சிடி நிறுவனம், இன்னும் வேலை முடியாத டெபியன் அடைவை எடுத்து '1.0' என்று முத்திரை குத்தி விற்றுவிட்டது. சரியாக இயங்காத ஒன்றுக்கு அந்த எண் போய்விட்டது. டெபியன்காரர்கள் வேறு வழியின்றி 1.0-ஐயே தாண்டி, 1996 ஜூனில் 1.1 என்று முதல் முழு வெளியீட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர் பஸ், டாய் ஸ்டோரி படத்து விண்வெளி வீரன். அப்போது திட்டத் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் வேலை பார்த்தது, அந்தப் படத்தை எடுத்த பிக்சாரில். இன்றும் டெபியன் பதிப்புகளுக்கு அந்தப் படவரிசைப் பொம்மைகளின் பெயர்தான்.

இதே சமயத்தில் ரெட் ஹேட் நிறுவனத்தில் மார்க் ஈவிங்கும் எரிக் ட்ரோனும் ஆர்பிஎம் என்ற போட்டிப் பொதி முறையை உருவாக்கினார்கள். இரண்டு முகாமுக்கும் ஒரே தலைவலி: பொதியைப் பதிந்தாயிற்று, ஆனால் அதற்குத் தேவையானதை யார் தேடுவது? ஒன்றை நிறுவப் போனால் இன்னொன்று வேண்டும் என்னும். அதைத் தேடிக் கொண்டுவந்தால் அது மூன்றாவதைக் கேட்கும். வழி காட்டும் முன்மாதிரி வேறொரு வட்டாரத்தில் தயாராக இருந்தது. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் துணை நிரல்கள் சீட்டன் என்ற இணையக் களஞ்சியத்தில் 1992 முதல் சேர்ந்திருந்தன. அதைப் பார்த்து பெர்ல்காரர்கள், ஃபின்லாந்தின் யார்க்கோ ஹியெட்டானியெமி முன்னெடுப்பில், 1995-இல் சீபான் தொடங்கினார்கள். புள்ளியியல்காரர்கள் வியன்னாவிலிருந்து கிரான் தொடங்கினார்கள். ஒரே இடத்தில் சேமித்து, உலகமெங்கும் நகல் வைத்து, ஒரு கட்டளையில் இறக்கித் தரும் பழக்கம் இப்படிப் பரவியது.

டெபியனில் அந்தக் கட்டளை ஆப்ட்-கெட். 1998-இல் சோதனைக்கு வந்து, 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் வெளியானது. கேட்ட பொதிக்கு என்னென்ன வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு, இறக்கி, வரிசைப்படுத்தி, டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். உதவிப் பக்கத்தின் கடைசி வரியில், இந்த ஆப்டுக்குச் சூப்பர் பசு சக்தி உண்டு என்று எழுதிவைத்தார்கள். 'ஆப்ட்-கெட் மூ' என்று அடித்தால் எழுத்துகளால் வரைந்த மாடு ஒன்று தோன்றும். ஆப்டிடியூட் என்ற தம்பி முறை நிரலிடம் இதையே கேட்டால், அப்படி எதுவும் இங்கே கிடையாது என்று கையை விரிக்கும். வற்புறுத்தி வற்புறுத்திக் கேட்டால் கடைசியில் யானையை விழுங்கிய பாம்பைக் காட்டும். பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரியின் குட்டி இளவரசனைப் படித்தவர்களுக்கு அந்தப் பாம்பு பழைய சிநேகிதன்.

ஆப்டைப் பார்த்து ரெட் ஹேட் முகாம் பொருமியது. பொருமலைத் தீர்த்தவர்கள் பிரேசிலில் இருந்தார்கள். கூரிச்சிபா நகரின் கோனெக்டிவா நிறுவனம் 2000-இல் ஆப்டை ஆர்பிஎம் பொதிகளோடு வேலை செய்யும்படி மாற்றிக் கொடுத்தது. அடுத்து, ஆப்பிள் கணினிகளுக்கென்றே வந்த எல்லோ டாக் லினக்ஸின் புதுப்பிப்புக் கருவியை டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சேத் விடாலும் மைக்கேல் ஸ்டெனரும் மாற்றி எழுதி யம் ஆக்கினார்கள். ரெட் ஹேட் உலகம் முழுக்க அதுவே நிலைத்தது.

இதெல்லாம் இணையம் தடையின்றி வரும் இடங்களுக்குச் சரி. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டில். பிறகு பல வருடம் டயல்-அப்தான். விநாடிக்கு 56 கிலோபிட் வேகம் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு சிடி அளவு இறக்க ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும், அதுவும் லைன் அறுபடாமல் இருந்தால். நெரவி மாதிரி ஊர்களில் லினக்ஸ் வந்தது பத்திரிகையோடு ஒட்டிவந்த சிடியில். பிசி குவெஸ்டும் லினக்ஸ் ஃபார் யூவும் அப்படிப் பரப்பிய சிடிகள் கை மாறிக் கை மாறிக் கீறலோடு சுற்றின. டெபியன்மேல் கட்டிய உபுண்டு 2004-இல் வந்தபோது, பணம் போட்டவர் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த். முன்பு டெபியனில் பொதி கட்டியவர், தன் நிறுவனத்தை விற்ற காசில் விண்வெளிக்கும் போய்வந்தவர். அவர் தபால் செலவைக்கூட ஏற்றுக்கொண்டு உலகமெங்கும் இலவச சிடி அனுப்பினார். 2011 வரை நடந்த அந்தத் தருமத்தில் வந்த உறைகள் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் இன்னும் எங்காவது கிடக்கும்.

சிடியில் இல்லாத பொதி வேண்டுமானால்? இந்த இடத்தில் இந்தியாவிலிருந்தே ஒரு விடை வந்தது. டெபியன் உருவாக்குநரான ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன். இணையம் இல்லாத வீட்டுக் கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால், என்னென்ன பொதிகள் எங்கெங்கிருந்து வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போகலாம். அங்கே இருப்பது விண்டோஸானாலும் பரவாயில்லை, பைத்தான் இருந்தால் போதும். இரண்டாவது கட்டளை அத்தனையையும் இறக்கி ஒரே கட்டாகக் கட்டும். திரும்பி வந்து மூன்றாவது கட்டளையில் ஏற்றினால், வீட்டுக் கணினி தானே இணையத்தில் இறக்கியதாக நினைத்துக்கொண்டு வேலையை முடிக்கும். ஆப்டின் நாற்பது நொடி வேலை ஒரு சாயங்காலத்தைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் இந்தக் கதையில் வரும் எல்லாக் கண்டுபிடிப்புகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கம்பி இல்லாத ஊரை விட்டுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொண்டது அது.

பொதிகளின் உறவுமுறை பெருகப் பெருக, அதைத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்ற கேள்வி கணிதக்காரர்களிடம் போயிற்று. முதலாவதுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ வேண்டும். மூன்றாவது நாலாவதோடு ஒத்துப்போகாது. நாலாவது ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கில் போனால்? பாரிஸில் ரொபெர்த்தோ டி கோஸ்மோ முதலானோர் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடத்திய எடோஸ் ஆய்வு 2006-இல் விடை சொன்னது. எல்லாச் சமயத்திலும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத, என்பி-முழுமை என்று கணினியியலில் அஞ்சப்படும் வகைக் கணக்கு அது. நல்லவேளையாக, நடைமுறையில் வரும் கணக்குகள் அவ்வளவு பொல்லாதவை அல்ல. 2008-இல் ஓப்பன்சூசே, தர்க்கப் புதிர்களைத் தீர்க்கும் சாட் முறையைப் பொதிக் கட்டளைக்குள் வைத்தது; யம்முக்குப் பின்வந்த டிஎன்எஃப் அதையே எடுத்துக்கொண்டது.

சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸைக் கட்டி 2007-இல் வெளியிட்டது. அது லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது வேறு காரணத்தால். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் குடியேறியிருந்தது. நெரவிக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம் தாண்டி, வாஞ்சூரில் எல்லையைக் கடந்தால் நாகூர். அங்கிருந்து அந்தப் பக்கம் எல்லாம் இந்த மடிக்கணினிகளின் ஊர். வந்த வேகத்தில் பல மாணவர்கள் தேடியது பாஸை எப்படி நீக்குவது என்பதை. இடத்தை மிச்சப்படுத்த, விண்டோஸில் இருந்தபடியே அந்தப் பிரிவை அழித்தார்கள். மறுநாள் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரி. விண்டோஸும் இல்லை, பாஸும் இல்லை. கணினியை எழுப்பும் கிரப் நிரலின் ஒரு துண்டு வட்டின் முதல் கட்டத்தில் இருக்க, மீதி அழிந்த பிரிவுக்குள் போயிருந்தது. துண்டு மீதியைத் தேடி, காணாமல், கட்டளைக்குக் காத்து நின்றது. டெர்மினலையே பார்த்திராத பல பிள்ளைகளுக்கு முதல் கட்டளை வரி அறிமுகம் அப்படித்தான் அமைந்தது. இது பேரேட்டைக் கேட்காமல் நீக்கியதன் விலை என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சர்வீஸ் கடைக்காரர்கள் பேசாமல் விண்டோஸைத் திருப்பி ஏற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள்.

இதற்குள் நிரல் மொழிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு களஞ்சியம் வைத்துக்கொண்டன. பைத்தானுக்கு இயன் பிக்கிங் 2008-இல் பிப் எழுதினார் (இந்தத் துறைக்கு இயன்கள் மேல் என்ன பிரியமோ). 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று அடித்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்துச் சேர்க்கும் நிரல்கள் வரும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010-இல் ஐசக் ஷ்லூட்டர் என்பிஎம் கொண்டுவந்தார். அங்கே பத்து வரி எழுதினாலும் அது ஒரு பொதி.

2016 மார்ச் 22-ஆம் தேதி அந்தப் பழக்கத்துக்குக் கணக்குத் தீர்க்கும் நாளாக அமைந்தது. துருக்கியைச் சேர்ந்த அசெர் கோச்சுலுவிடம் கிக் என்ற பெயரில் ஒரு பொதி இருந்தது. அதே பெயரில் செயலி நடத்திய நிறுவனம் பெயரைக் கேட்டது, இவர் மறுத்தார், என்பிஎம் நிர்வாகம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. கோபத்தில் அவர் தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட பொதிகளை மொத்தமாக எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட்: ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி நிரல். அதை நம்பிய ஒன்றை நம்பிய இன்னொன்றை நம்பித்தான் உலகின் பெரிய பெரிய இணையதளங்களின் கட்டுமானம் ஓடியது. எல்லாம் நின்றது. சில மணி நேரத்தில் என்பிஎம் அந்த 11 வரியைத் தானே திருப்பி வைத்தது, பிறகு பொதியை நினைத்தபோது எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றியது. உங்கள் கணினியிலிருந்து நீக்குவதற்குப் பேரேடு போதும், உலகத்திலிருந்து நீக்குவதற்கு இனி அனுமதி வேண்டும்.

போலிகளும் அதே வருடம் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஹாம்பர்க் பல்கலைக்கழக மாணவர் நிக்கோலாய் ட்ஷாகர், பெயர்பெற்ற பொதிகளின் பெயர்களில் ஓர் எழுத்தைப் பிசகாக வைத்துத் தன் பொதிகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். அவசரத்தில் தப்பாக அடித்தவர்களின் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அவர் நிரல் ஓடியது. அவர் செய்தது ஆய்வுக்காக. அவரைப் பார்த்து இன்றுவரை செய்கிறவர்கள் ஆய்வுக்காகச் செய்வதில்லை.

கட்டளை வரியை நெடுங்காலம் ஏளனமாகப் பார்த்த விண்டோஸுக்கும் ஆசை வந்தது. கனடாவின் கெய்வன் பெய்கி ஆப்கெட் என்ற பொதிக் கருவியைத் தனியாளாக வளர்த்து வந்தார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அவரை அழைத்துப் பேசியது, நேர்முகம் வைத்தது, பிறகு மாதக்கணக்கில் பதில் இல்லை. 2020 மே மாதம் விங்கெட் வந்தது, ஆப்கெட்டின் சாயலை அதில் பலரும் கண்டார்கள். திறந்த மூலம் என்பதால் எடுத்ததில் அவருக்கு வருத்தமில்லை, பெயரைச் சொல்லாததில்தான். பிறகு மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு நன்றி சொன்னது. ஆப்கெட்டுக்கு அதற்குள் மூடுவிழா அறிவித்தாகிவிட்டது.

2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நிறுவப் போனார். அன்று அந்தப் பொதியில் ஒரு கோளாறு. அதை ஏற்ற வேண்டுமானால் திரைச்சூழலையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டு, பெரிய எச்சரிக்கையும் காட்டியது. தொடர வேண்டுமானால் 'ஆமாம், நான் சொன்னபடி செய்' என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் முழுதாக அடிக்கச் சொன்னது. அவர் அடித்தார். திரையில் மிஞ்சியது கறுப்பு. அவர்மேல் தப்பா, ஆப்ட்மேல் தப்பா என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. ஆப்டை எழுதுகிறவர்கள் அந்த வழியை இன்னும் இறுக்கிவிட்டார்கள். நிறுவச் சொன்னவரிடம் நீக்கவா என்று கேட்பதைப் பழகாத ஒருவர் எப்படிப் படிப்பார் என்பது என் கட்சி.

2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் சிறு மாநாடு கூடியது. அந்தச் செப்டம்பரில் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. சிடிக்குக் காத்திருந்த மாநிலங்கள் விருந்து வைக்கும் இடத்துக்கு வந்திருந்தன. ஆறு மாதம் கழித்து, 2024 மார்ச்சில், சான் பிரான்சிஸ்கோவில் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலைப்படாத பதிப்பில் தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று குடைந்தார். குடைந்ததில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலுக்குள் ஒரு கள்ளக் கதவு இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் யாரோ இரண்டு வருடத்துக்கும் மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதைப் புதைத்திருந்தார்கள். டெப் பொதிகளைச் சுருக்கிக் கட்டப் பயன்பட்டு வந்ததும் இதே எக்ஸ்இசட் முறைதான்.

உடனே பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். ஆனால் ஆப்ட் முன்னால்தான் போகும். சின்ன எண்ணைக் கொடுத்தால், இதைவிடப் புதியது என்னிடம் இருக்கிறது என்று தொடாது. டெபியன்காரர்கள் பழைய 5.4.5-ஐ எடுத்து, புதியது போலப் பெயரிட்டு அனுப்பினார்கள். அந்தக் கணினிகளின் பேரேடுகளில் அன்று ஏறிய பதிப்பு எண் இது: 5.6.1+ரியலி5.4.5-1.